சிவப்புக் கோடும் தமிழாய்வும்: எழுத்துப்பிழை திருத்தியின் எல்லை

முன்னுரை

தமிழ் ஆய்வேடுகள் கையெழுத்துப் படியிலிருந்து தட்டச்சுக்கும், தட்டச்சிலிருந்து கணினிக்கும் மாறியபோது எழுதுகருவியோடு மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பும் இடம்பெயர்ந்தது. முன்பு ஆய்வாளர் எழுதினார், நெறியாளர் திருத்தினார், நூலாகும்போது அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநர் மீண்டும் ஒருமுறை பார்த்தார். இம்மூவரின் வேலையையும் சொற்செயலியில் அமைந்த எழுத்துப்பிழை திருத்தியிடம் ஒப்படைத்துவிடும் போக்கு இன்று வளர்ந்துள்ளது. ‘கணினியில் பிழை பார்த்தாகிவிட்டது’ என்னும் ஒரு தொடர், ஆய்வேட்டின் மொழித்தூய்மைக்கு அளிக்கப்படும் சான்றிதழ் போலப் பயன்படுகிறது. அதைக் கேட்ட நெறியாளரும் நிறைவடைந்து கையொப்பமிடுகிறார்.

எழுத்துப்பிழை திருத்தி வேண்டா என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. தட்டச்சுத் தடுமாற்றங்களைக் கண்டறிய அது பெரிதும் உதவுகிறது. அதனைப் பயன்படுத்தாமல் ஆய்வேடு அளிப்பதும் ஒருவகைச் சோம்பலே. ஆனால் சிவப்புக் கோடு விழாத இடத்தில் பிழையில்லை என்றும், விழுந்த இடமெல்லாம் பிழை என்றும் கொள்வது தமிழாய்வின் அடிப்படையையே அரிக்கும் பழக்கமாகும். தமிழின் எழுத்துப்பிழைகளுள் பெரும்பகுதி இக்கருவியின் கண்ணில் படுவதில்லை. தமிழாய்வுக்கு உயிரான சொல்வடிவங்கள் பலவற்றை அது பிழையென்று காட்டுகிறது. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுகளால் நிறுவி, தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க நெறிகளை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி இயங்கும் முறை

எழுத்துப்பிழை திருத்தியின் வரலாறு ஆங்கிலத்தில் தொடங்குகிறது. 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கோரின் உருவாக்கிய நிரல், இவ்வகை முன்னோடிக் கருவிகளுள் ஒன்றாகச் சுட்டப்படுகிறது. அன்று வகுக்கப்பட்ட அடிப்படை முறை பெரிதும் மாறவில்லை. கருவியிடம் ஒரு சொற்பட்டியல் இருக்கும். உரையிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அப்பட்டியலோடு அது ஒப்பிடும். இல்லாத சொல்லின்கீழ்க் கோடிடும். அச்சொல்லிலிருந்து ஓரிரு எழுத்துகளே வேறுபடும் சொற்களைப் பரிந்துரையாக முன்வைக்கும்.

ஒட்டுநிலை மொழிக்கு வெறும் பட்டியல் போதாது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது தமிழில் ஒரே சொல்லாக எழுதப்படும் வடிவம். ஒரு வினையடியிலிருந்து இவ்வாறு ஆயிரக்கணக்கான வடிவங்கள் பிறக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஓர் இலக்கத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்களைக் கொண்டதேயாயினும், அத்தலைச்சொற்களை அப்படியே பட்டியலாக இட்டால் ஒரு பத்தியில் பாதிக்குமேல் சிவந்துவிடும். எனவே அடிச்சொல்லையும் ஒட்டு விதிகளையும் தனித்தனியே வைத்துச் சொல்லைப் பகுக்கும் முறை தேவைப்பட்டது. லிப்ரெ ஆபிஸ், ஃபயர்பாக்ஸ் முதலியவற்றில் இடம்பெறும் ஹன்ஸ்பெல் என்னும் கட்டற்ற கருவி, தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழியாகிய ஹங்கேரிய மொழிக்காக உருவானது. தமிழில் பேராசிரியர் ந. தெய்வ சுந்தரம் வழிநடத்திய மென்தமிழ்ச் சொல்லாளர், நீச்சல்காரன் உருவாக்கிய வாணி சொற்பிழை திருத்தி, நாவி சந்திப்பிழை திருத்தி ஆகியன இத்துறையில் நிகழ்ந்த அரிய முயற்சிகள். இவை பாராட்டுக்குரியன. இவற்றை ஆக்கியோர் உழைப்பைக் குறைகூறுவதற்கு, அவ்வுழைப்பில் பங்கேற்காமல் விளைவை மட்டும் துய்க்கும் தமிழ்த்துறையினருக்கு உரிமையில்லை.

ஆயினும் கருவி எத்துணை நுட்பமாக அமைந்தாலும் அதன் அடிப்படை வினா ஒன்றே: ‘இவ்வடிவம் தமிழில் இருக்கக்கூடியதா?’ ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா வேறு: ‘இவ்விடத்தில் இருக்க வேண்டிய சொல் இதுதானா?’ முதல் வினாவுக்குக் கிடைத்த விடையை இரண்டாம் வினாவுக்கு உரியதாகக் கொள்வதே இன்றைய குழப்பத்தின் வேர்.

கருவி காணாத பிழைகள்

தமிழ் எழுதுவோர் மிகுதியாகத் தடுமாறும் இடங்கள் மூன்று: ரகர றகரம், லகர ளகர ழகரம், னகர ணகரம். இவற்றில் நேரும் பிழைகளின் தனித்தன்மை, பிழையான வடிவமும் பெரும்பாலும் பொருளுடைய தமிழ்ச் சொல்லாகவே இருப்பது. அறம் என்பது அரம் ஆனால் உலோகத்தைத் தேய்க்கும் கருவியாகும். பறவை பரவை ஆனால் கடலாகும். ஊண் உணவு, ஊன் தசை. மனம் உள்ளம்; மணம் நறுமணமும் திருமணமும். வலி, வளி, வழி என்னும் மூன்றும் சொற்களே. அறநூல் பற்றிய இயல் முழுவதும் ‘அரம்’ என்று அச்சானாலும் சொற்பட்டியலை மட்டும் நம்பும் கருவி ஒரு கோடும் இடாது.

பிள்ளைத்தமிழ் பற்றிய ஆய்வேட்டில் ‘குழவி’ என்பது ‘குளவி’ என்று விழுந்துவிட்டதாகக் கொள்வோம். குழந்தை கொட்டும் பூச்சியாகிவிட்டது. கருவிக்கு அது தெரியாது. அறிந்தவர் ஒருவர் இப்பிழைக்கு அஞ்சி, ‘குளவி’ வருமிடமெல்லாம் ‘குழவி’ என்று ஒரே கட்டளையில் மாற்றினால் வேறொரு கேடு நேரும். சங்க இலக்கியத்தில் குளவி என்பது ஒரு மலரின் பெயருமாகும். குறிஞ்சிப்பாட்டின் பூக்களுள் ஒன்று அக்கட்டளையால் காணாமற்போகும். எந்தக் குளவி பூச்சி, எந்தக் குளவி பூ, எந்தக் குளவி பிழை என்பதை இடமறிந்து பொருள்கொள்பவரே முடிவு செய்ய முடியும்.

ஒற்று மிகுதலும் மிகாமையும் இதனினும் நுட்பமானவை. சந்திப்பிழை திருத்தும் கருவிகள் இன்று உள்ளன. ‘அவனை கண்டேன்’ என்று எழுதினால் ‘அவனைக் கண்டேன்’ என்று அவை திருத்தும். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்பதால் விதி தெளிவானது. ஆனால் ‘வேலை செய்தான்’ என்பதற்கும் ‘வேலைச் செய்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எவ்விதி கொண்டு தீர்ப்பது? முன்னது பணி செய்தான் எனப் பொருள்படும். பின்னது வேலாகிய படைக்கலத்தைச் செய்தான் எனப் பொருள்படும். ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆன பலகை. ‘நடுகல்’ வினைத்தொகை, போரில் வீழ்ந்தோர்க்கு நடப்படும் கல். ‘நடுக்கல்’ என்றால் நடுவிலுள்ள கல். இவற்றுள் எதுவும் தன்னளவில் பிழையன்று. எழுதியவர் கருதிய பொருளே ஒற்றின் தேவையை உறுதி செய்கிறது. வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, உம்மைத்தொகை என்று தொகைகளைப் பிரித்தறியக் கற்ற மாணவருக்கு இது எளிது. கருவி ஒற்றை இட்டுத் தருவதால் தொகையிலக்கணம் கற்க வேண்டியதில்லை என்று எண்ணும் மாணவர், கருவி தவறு செய்யும் இடத்தைக் கண்டறியும் ஆற்றலையும் இழக்கிறார்.

கருவி காட்டும் பொய்ப்பிழைகள்

தவறியதைக் காட்டாமை ஒரு குறை. சரியானதைத் தவறென்று காட்டுதல் அதனினும் பெரிய குறை. முதற்குறையால் பழைய பிழை எஞ்சி நிற்கிறது. இரண்டாவதால் புதிய பிழை பிறக்கிறது.

அளபெடை வடிவங்களாகிய ‘குரீஇ’, ‘தழீஇ’, ‘மராஅம்’ போன்றவை இக்காலச் சொற்பட்டியலில் இடம்பெறுதல் அரிது. போலி என்று இலக்கணம் ஏற்ற வடிவங்களும் அவ்வாறே. அறம் என்பதற்கு அறன், நிலம் என்பதற்கு நிலன், மயல் என்பதற்கு மையல், அரயர் என்பதற்கு அரையர் என இருவடிவங்களையும் நன்னூல் மரபு ஏற்கிறது. கோயில், கோவில் என்னும் இரண்டும் இன்றும் வழங்குகின்றன. ஒரு பட்டியல் இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டிருந்தால் மற்றொன்று குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறது. அப்பட்டியலைத் தொகுத்தவர் இலக்கணத் தீர்ப்பு வழங்க எண்ணியிருக்கமாட்டார். அவருக்குக் கிடைத்த உரைகளில் அவ்வடிவம் வரவில்லை, அவ்வளவே. ஆனால் திரையில் தோன்றும் கோட்டுக்கு இந்த அடக்கம் இல்லை.

எழுத்துக் குறியேற்றத்திலும் இச்சிக்கல் உண்டு. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை ஔகாரமாக ஒரே குறியில் உள்ளிடலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ‘கௌரவம்’ போன்ற சொற்களில் வரும் ஔகாரக் குறிக்கு மாற்றாக ளகரத்தை இடுவதும் அத்தகையதே. இங்கு ஆய்வாளருக்குத் தெரியாத பிழையைக் கருவி சரியாகவே பிடிக்கலாம். ஆனால் ஏன் கோடு விழுந்தது என்று விளங்காமல், ‘அகராதியில் சேர்’ என்னும் கட்டளையைத் தட்டிவிட்டால் அப்பிழையே அக்கணினியின் அகராதிச் சொல்லாகிவிடும். அதன்பின் அக்கணினியில் அச்சொல்லின்கீழ்க் கோடு விழாது. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமையும், எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடாமையும், காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேற்றுமை இல்லாமையும் பதிப்பாசிரியர்க்கு எத்துணை இடர் தந்தன என்பதைத் தமிழுலகம் அறியும். அன்று எழுதப்பட்ட வடிவில் இருந்த மயக்கம் இன்று குறியேற்றத்துக்குள் மறைந்து நிற்கிறது.

மூலபாடத்துக்கு நேரும் கேடு

மேற்கூறியவை ஆய்வாளரின் சொந்த உரைநடையில் நேர்ந்தால் இழப்பு ஓரளவினதே. மேற்கோளில் நேர்ந்தால் சான்றே அழிகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கொடையைக் குறிக்கும் கல்வெட்டில் ‘குடுத்தன’ என்னும் வடிவம் பயில்கிறது. இக்கால எழுத்துநெறி ‘கொடுத்தன’ என்பதே. கல்வெட்டின் வாசகத்தைக் கணினியில் பெயர்த்தெழுதும் மாணவர், சிவப்புக் கோட்டைக் கண்டு பரிந்துரையை ஏற்றால், திரை தூய்மையாகும், மொழிவரலாறு மாசுபடும். பேச்சுவழக்கில் இன்றும் வாழும் அவ்வடிவம் ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் அரச ஆவணத்தில் இடம்பெற்றது என்பதற்குரிய சான்று, ஒரு பொத்தானின் அழுத்தத்தில் மறைகிறது. அப்பெயர்ப்பைப் பார்த்து அடுத்தவர் மேற்கோள் காட்டுவார். அவரைப் பார்த்து மற்றொருவர். மூலத்துக்குச் செல்லாத மேற்கோள்கள் பெருகிவரும் காலத்தில் இத்தகைய திருத்தம் திரும்பப் பெற இயலாதது.

உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோதும், புறநானூற்றை 1894இல் வெளியிட்டபோதும் அவர்முன் பல சுவடிகள் இருந்தன. விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றிவிட்டு நகர்ந்திருந்தால் அவருடைய வேலை எளிதாகியிருக்கும். பாடவேறுபாடுகளைத் தொகுத்து ஒப்பிட்டமையால்தான் அப்பதிப்புகள் ஆய்வுக்குரியனவாயின. எழுத்துப்பிழை திருத்தியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அரிய வடிவத்தை ஐயுறுவதும், பழகிய வடிவத்தைப் பரிந்துரைப்பதும் அதன் தொழில். அறியாத சொல்லை அறிந்த சொல்லாக மாற்றிய ஏடெழுதுவோர் செயலையே கருவி பன்மடங்கு விரைவாகச் செய்கிறது. ஏடெழுதுவோராவது ஓர் ஏட்டைத்தான் கெடுத்தனர்.

இக்கால இலக்கிய ஆய்வும் இதற்கு விலக்கன்று. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து எழுதிய நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) வட்டாரமொழியையே உயிராகக் கொண்ட நாவல். அதிலிருந்து எடுக்கும் உரையாடல்களில் கருவி கோடிடாத வரி அரிதாகவே இருக்கும். தோப்பில் முகமது மீரானின் நாவல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ என்றே அச்சாகியுள்ளது. ஒற்று மிக வேண்டும் என்று கூறிச் சந்திக்கருவி அத்தலைப்பில் ககர ஒற்றைச் சேர்க்குமாயின், அது இலக்கணப்படி சரியாகவும் நூலியல்படி பிழையாகவும் முடியும். நூற்பெயர் நூலில் உள்ளவாறே தரப்பட வேண்டும் என்னும் எளிய விதியைக் கருவி அறியாது. ஆய்வாளர் அறிந்திருக்க வேண்டும்.

தமிழகத்துக்கு வெளியே

இச்சிக்கல் தமிழகத்துக்கு வெளியேயுள்ள தமிழ்த்துறைகளுக்குக் கூடுதல் கவலை தருவது. தில்லியிலோ வாரணாசியிலோ ஓர் ஆய்வேட்டைக் கட்டமைக்கும் இடத்தில் தமிழ் எழுத்தை அறிந்தவர் இருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. துறையில் ஆசிரியர் எண்ணிக்கையும் குறைவு. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் வேறு மொழியில் பயின்று, பின்னர்த் தமிழாய்வுக்கு வரும் மாணவரும் உளர். இவர்களுக்குக் கருவி இரண்டாவது துணையாக இல்லாமல் ஒரே துணையாகிவிடுகிறது. கேரளத்திலும் கருநாடகத்திலும் வழங்கும் தமிழைக் களப்பணியால் திரட்டுவோர்க்கோ, தம் தரவு முழுவதையும் கருவி பிழையென்று காட்டும் நிலை. உதவி மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே கருவியின் குறையும் மிகுதியாக வெளிப்படுகிறது. ஆகவே இத்துறைகள் இதுகுறித்து முதலில் பேச வேண்டியவை.

மறுப்புகளும் விடைகளும்

கருவி எழுத்தொருமையைத் தருகிறது என்பர் சிலர். எழுத்தொருமை தேவையே. ஆனால் அது யார் வகுத்த ஒருமை? க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதிப்புகளைக் கண்டது. இக்கால எழுத்துமுறைக்கு அதனைச் சான்றாகக் காட்டலாம், உடன்படாதவர் மறுத்தும் வாதிடலாம். வெளிப்படையான நூலோடு வாதம் செய்ய முடியும். எந்த உரைத்தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று வெளியிடப்படாத சொற்பட்டியலோடு எவ்வாறு வாதிடுவது? காரணம் கூறாத தீர்ப்பு இலக்கணமாகாது.

அடுத்த பதிப்பில் கருவி செம்மையாகும் என்பர் வேறு சிலர். செம்மையாகட்டும். சூழலை நோக்கிச் சொல்லை மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போதே வந்துவிட்டன. ‘அரம்’, ‘அறம்’ மயக்கத்தை அவை பலவிடங்களில் தீர்க்கவும் கூடும். ஆனால் பழைய கருவி கோடிட்டுக் காட்டியது. ஏற்பதும் மறுப்பதும் எழுதுபவர் கையில் இருந்தது. புதிய கருவியிடம் ஒரு பத்தியைக் கொடுத்தால் கோடில்லாமலே முழுப்பத்தியையும் மாற்றித் தரக்கூடும். எந்தச் சொல் மாறியது என்பதை மூலத்தோடு ஒப்பிட்டாலன்றி அறிய இயலாது. திறன் பெருகுவதால் மேற்பார்வையின் தேவை குறைவதில்லை. திருத்தம் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்வதால் அது கூடுகிறது.

மாணவரின் பிழைகள் எண்ணிலடங்காதன, ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது மூன்றாவது வாதம். இதுவே உண்மையான காரணம்; மற்றவை இதற்கு அணிவிக்கப்பட்ட ஆடைகள். நேரமின்மை நிருவாகச் சிக்கல். அதற்குத் தீர்வு நிருவாகத்தில் தேடப்பட வேண்டும். ஒற்று மிகுமிடம் கற்பிக்கப்படாத மாணவருக்கு முனைவர் பட்டம் அளித்துவிட்டு, கருவி பார்த்துக்கொள்ளும் என்று அமைதி கொள்வது தமிழ்த்துறை தன் இருப்புக்கான காரணத்தையே கைவிடுவதாகும்.

செய்யத்தக்கன

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பின்வரும் நெறிகள் முன்வைக்கப்படுகின்றன.

1. ஆய்வேடு தட்டச்சிடும்போது தன்னியக்கத் திருத்தம் நிறுத்தப்பட வேண்டும். கருவி சுட்டலாம்; தானாக மாற்றுதல் கூடாது. ‘அனைத்தையும் மாற்று’ என்னும் கட்டளை ஆய்வேட்டில் முற்றும் தவிர்க்கத்தக்கது.

2. செய்யுள், கல்வெட்டு, சுவடி, வட்டார வழக்கு, நூற்பெயர் ஆகியவற்றுக்குத் தனிப் பாங்கு அமைத்து, அப்பகுதிகளில் எழுத்துப்பிழை பார்க்க வேண்டா எனச் சொற்செயலியில் குறித்துவிடலாம். வேர்டு போன்ற சொற்செயலிகளில் இவ்வசதி உள்ளது. அதனைக் கற்பிப்பதற்கு ஒரு மணிநேரம் போதும்.

3. மேற்கோள்கள் கருவியால் அன்றி மூலநூலோடு கண்ணால் ஒப்பிடப்பட வேண்டும். இறுதிப் படி அளிக்கும்முன் இவ்வொப்பீடு நிகழ்ந்தது என்பதை நெறியாளர் உறுதி செய்ய வேண்டும்.

4. எந்தக் கருவி, எப்பதிப்பு பயன்படுத்தப்பட்டது, எழுத்துமுறைக்கு எந்த அகராதி பின்பற்றப்பட்டது என்பன முன்னுரையில் குறிக்கப்பட வேண்டும்.

5. ‘அகராதியில் சேர்’ என்னும் வசதியால் திரளும் தனிச் சொற்பட்டியலை ஆய்வாளர் அவ்வப்போது திறந்து பார்த்துப் பிழையானவற்றை நீக்க வேண்டும்.

6. தமிழ்த்துறைகள் தத்தம் ஆய்வுப் பரப்புக்குரிய சொற்பட்டியல்களை, அதாவது சங்க இலக்கியச் சொல்வடிவங்கள், கல்வெட்டு வடிவங்கள், வட்டார வழக்குகள் ஆகியவற்றை, இடச்சான்றுடன் தொகுத்துக் கருவி ஆக்குவோர்க்கு வழங்க வேண்டும். ஹன்ஸ்பெல் போன்ற கட்டற்ற கருவிகளின் சொற்பட்டியலும் விதிக்கோப்பும் எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடியவை. ஆகவே வாய்ப்பில்லை என்று கூற இயலாது.

நிறைவாக

எழுத்துப்பிழை திருத்தி ஐயத்தை எழுப்பும் கருவி. ஐயத்தைத் தீர்ப்பது இலக்கண அறிவும், மூலநூல் பயிற்சியும், பொருளுணர்ச்சியும் உடைய ஆய்வாளரின் கடமை. இக்கடமையைக் கைமாற்றிவிட்டால் ஆய்வேடுகளில் சிவப்புக் கோடுகள் குறையும். அவற்றில் உள்ள தமிழ், மூலத்தில் உள்ள தமிழாக இராது. பிழையைக் கண்டறிய இயலாத ஆய்வாளரும், சரியானதைப் பிழையென்னும் கருவியும் சேர்ந்து உருவாக்கும் ஆய்வேடுகள் நாளை வேறொரு கருவிக்கு உரைத்தொகுப்பாக அமையும். அக்கருவி இன்றைய பிழையையே விதியாகக் கற்கும். இச்சுழற்சியைத் தடுக்கும் இடம் நெறியாளரின் மேசையே. ‘கணினியில் பிழை பார்த்தாகிவிட்டது’ என்று மாணவர் கூறும்போது, ‘நீங்கள் பார்த்தீர்களா?’ என்று கேட்கும் ஆசிரியரே இன்று தேவைப்படுபவர்.